முதல் போணி யார் கையால்?

கேள்வி: நானும் நண்பர்கள் மூவரும் பெங்களூரு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பியிருக்கிறோம். இங்கே ஸ்டார்ட்அப்காரர்கள் கூடிப் பழகி வளரும் ஒரு சூழலை உருவாக்க ஆசை. அரசின் டைடல் நியோ ஐடி பூங்கா மாதிரி ஒரு கட்டடமும், பணம் போட நாலு முதலீட்டாளர்களும் வந்தால்தான் எதுவும் நடக்கும் என்கிறார்கள். மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். எங்களைப் போன்ற ஊர்களில் இது நடக்கிற காரியமா?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: மனு கொடுத்ததில் தப்பில்லை. காத்திருக்கிறீர்களே, அதுதான் தப்பு.

கட்டடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. 2024-இல் விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று வரிசையாக டைடல் நியோ திறந்தார்கள். வீட்டுச் சாப்பாட்டோடு ஐடி வேலைக்குப் போக ஒரு பிள்ளைக்கு வழி கிடைத்தால் அது நல்லதுதான். ஆனால் அந்த மாடியில் குடியேற மாத வாடகை கொடுக்கும் தெம்பு வேண்டும். உங்களுக்கு அந்தத் தெம்பு வருவதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

பணமும் அப்படித்தான். தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்புக்கு மதுரையிலும் திருநெல்வேலியிலும் வட்டார மையங்கள் இருக்கின்றன. அதன் டான்சீட் தொடக்க நிதித் திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். பெண்கள் நடத்தும் நிறுவனம் என்றால் 15 லட்சம் வரை. தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் நாலு பேர் சம்பளம், வாடகை, கரண்ட் பில் என்று போனால் 10 லட்சம் எத்தனை மாதம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள்.

அப்புறம் எது இல்லை? போணி இல்லை.

காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் ஆளை உங்கள் ஊர் வியாபாரி எப்படி நடத்துவார் என்று பார்த்திருப்பீர்கள். விலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது, "போணி பண்ணிட்டுப் போங்க" என்பார். அந்தக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கல்லாவில் போடுவார். முதல் விற்பனை எவ்வளவு பெரிது என்று அந்த மனிதருக்குத் தெரியும். அதே மனிதர், தன் ஊர்ப் பிள்ளைகள் ஒரு பொருளைச் செய்து எடுத்துக்கொண்டு வந்தால், "மெட்ராஸ்ல யாராவது வாங்கியிருக்காங்களா?" என்று கேட்கிறார். நம் ஊர்களில் ஸ்டார்ட்அப் வளராததற்குப் பெரிய காரணம் இந்தக் கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சென்ற ஆண்டு தென்மாவட்ட நகரம் ஒன்றில் ஸ்டார்ட்அப் திருவிழா என்று கூப்பிட்டிருந்தார்கள். பொன்னாடை, குத்துவிளக்கு, ஆள் உயரத்துக்குத் தெர்மாகோலில் ஒரு காசோலை. பரிசு வாங்கிய இரண்டு பெண்கள் விசைத்தறி ஓட்டத்தை எண்ணிக் கணக்கு வைக்கும் சின்னக் கருவி ஒன்றைச் செய்திருந்தார்கள். அந்த ஊரில் தறிச் சத்தம் கேட்காத தெருவே கிடையாது. அரங்கில் ஒரு தறிக்காரர்கூட இல்லை. யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. கூட்டம் முடிந்து அந்தப் பெண்கள் கருவியைத் துணிப்பையில் சுற்றி வைத்துக்கொண்டு ஆட்டோவுக்கு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

இன்னொரு காட்சியையும் சொல்கிறேன். இது உங்கள் ஊரிலேயே, ஒரு மிளகாய் வத்தல் கிட்டங்கியில் நடந்தது. வத்தலில் ஈரப்பதம் பார்க்கும் கருவியோடு இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். வேறு வேலையாகப் போயிருந்த நான் நெடி தாங்காமல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றேன். முதலாளி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி வத்தலை எடுத்து, காதோரம் வைத்துக் குலுக்கினார். விதை சலசலக்கவில்லை. "ஈரம் இருக்கு" என்றார். கருவியும் ஒரு நிமிஷம் கழித்து அதையேதான் சொன்னது. பையன்கள் முகம் வாடிவிட்டது. அவரோ விடவில்லை. "ஈரத்தை என் கை பாத்துக்கும் தம்பி. நான் வீட்டுக்குப் போனப்புறம் அடுக்குக்கு நடுவுல இருக்கிற மூட்டை புழுங்குதே, அதை ராத்திரியில எனக்குச் சொல்லுமா உங்க பெட்டி?" என்று கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கல்லாவைத் திறந்து இரண்டாயிரம் ரூபாயை எடுத்து வைத்து, "செஞ்சு எடுத்துட்டு வாங்க. சரியில்லைன்னா சொல்றேன், திருப்பிச் செய்யுங்க" என்றார்.

எந்த வகுப்பறையிலும் அந்தக் கேள்வி கிடைக்காது. எந்த முதலீட்டாளரும் அதைக் கேட்டிருக்க முடியாது. முப்பது வருஷம் வத்தலோடு கிடந்த ஒருவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. இரண்டாயிரம் ரூபாயை விட அந்தக் கேள்விக்குத்தான் விலை அதிகம்.

உங்கள் மாவட்டத்துக்கு இது புதிதும் இல்லை. 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வேண்டியிருந்தது. சிவகாசி அச்சகத்துக்கு முதல் போணி சிவகாசித் தீப்பெட்டிக்காரர்தான். இன்று நாட்டில் எந்த மூலையில் காலண்டர் தொங்கினாலும் அதில் சிவகாசி அச்சு இருக்க வாய்ப்பு உண்டு. (பட்டாசு ஆலைகளில் போன உயிர்களை மறந்துவிட்டு இந்தக் கதையை வெறும் பெருமையாகச் சொல்ல எனக்கு மனம் வராது. ஊர் வளர்ந்த விதத்துக்காக மட்டும் சொல்கிறேன்.) கோவையிலும் இதேதான் நடந்தது. பஞ்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்த பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும், பக்கத்து ஆலை வாங்கியதால் வளர்ந்தன. ஆலைகள் சேர்ந்து 1956-இல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. ஆலைக்காரர்களே 1962-இல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸைத் தொடங்கி நூற்பு இயந்திரம் செய்ய இறங்கினார்கள்.

விருதுநகருக்கு இதைவிட நெருக்கமான ஒன்று இருக்கிறது: மகமை. விற்கிற சரக்கில் இவ்வளவு என்று ஒதுக்கிப் பொதுக் காரியத்துக்கு வைக்கும் வழக்கம். அந்தப் பணமும் வீட்டுக்கு ஒரு பிடி அரிசியும் சேர்ந்துதான் காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலையைத் தாங்கின. அன்றைய மகமை ஒரு சமூகத்துக்குள் நின்றது. இன்று அதை ஊர் முழுவதற்கும், எந்தச் சாதிப் பிள்ளைக்கும் என்று ஆக்க வேண்டும். அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பருப்பு மில்காரர், எண்ணெய் மில்காரர், வத்தல் வியாபாரி என்று இருபது பேர், ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை உள்ளூர்ப் பிள்ளைகள் செய்கிற பொருளை வாங்கிப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கட்டும். நன்கொடையாக வேண்டாம். பில் போட்டு வாங்கட்டும். பிடிக்கவில்லை என்றால் திட்டட்டும்.

வாங்கினால் காசை உடனே கொடுக்க வேண்டும். தொண்ணூறு நாள் கடன் உங்கள் பஜாரில் சகஜம். நாலு பேர் நடத்துகிற கம்பெனியை அந்தத் தொண்ணூறு நாள் கொன்றுவிடும். பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எனவே முதல் வேலையாக உத்யம் என்ற சிறுதொழில் பதிவை முடித்துவிடுங்கள்.

"தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோ மென்பொருள் கம்பெனி உலகத்துக்கே விற்கிறதே, உள்ளூர் போணி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011-இல் ஜோஹோ அங்கே போனபோது அதற்கு ஏற்கெனவே வெளிநாடுகளில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். கையில் தொழில் இருந்தவர்கள் அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோனார்கள். அதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் ஒரு பெரிய கம்பெனி வந்ததும் சூழல் வந்துவிடாது. அங்கே வேலை பழகியவர்கள் வெளியே வந்து பக்கத்துத் தெருவில் ஷட்டரைத் தூக்கும்போதுதான் அது ஆரம்பிக்கிறது. 2010-இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மென்பொருள் கம்பெனியைத் தொடங்கிய கிரீஷ் மாத்ருபூதம் ஜோஹோவில் இருந்தவர்தான். சென்னையின் மென்பொருள் வட்டாரம் பெருத்தது அப்படித்தான்.

கூடிப் பழகுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம். நாலு பேர் வந்தாலும் நடத்துங்கள். யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் என்ற தொழில்நுட்ப அமைப்பின் நண்பர்கள் போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே, பெரிய கட்டடம் எதுவும் கையில் இல்லாமல், தன்னார்வலர்களை வைத்துத் தொடங்கினார்கள். யாழ் கீக் சாலஞ்ச் என்ற தொழில்நுட்பப் போட்டியை ஆண்டுதோறும் விடாமல் நடத்தினார்கள். அந்த விடாப்பிடிதான் வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு டீக்கடை வாசலில் கூடினால் பெண்கள் வர மாட்டார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு, வீட்டில் சொல்லிவிட்டு வரக்கூடிய இடமாகப் பாருங்கள். காமராஜ், மெப்கோ, கலசலிங்கம் கல்லூரிகளின் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். நாலாம் ஆண்டு வந்துவிட்டால் மனம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய்விடும்.

அப்புறம், தோற்றவரை வரவிடுங்கள். நம் பக்கம் கடை நொடித்துப்போனவர் கல்யாண வீட்டில்கூடப் பின்வரிசையில்தான் உட்காருவார். பெண் கொடுக்க யோசிப்பார்கள். உங்கள் கூட்டத்தில் அவருக்கு முன்வரிசை நாற்காலி போடுங்கள். எந்த இடத்தில் பணம் முடங்கியது, எந்த வாடிக்கையாளர் இழுத்தடித்தார் என்று அவர் சொல்லும் ஒரு மணி நேரம் உங்களுக்கு ஒரு வருஷத்தை மிச்சப்படுத்தும்.

பங்குனிப் பொங்கலுக்கு வெளியூர்ப் பிழைப்புக்குப் போனவர்கள் எல்லாம் ஊருக்கு வருவார்கள். பொருட்காட்சியும் நடக்கும். ராட்டினத்துக்கும் டெல்லி அப்பளத்துக்கும் நடுவே நாலு கடை உங்களுக்கு வாங்குங்கள். உள்ளூரில் செய்த பொருள், அதை வாங்கிய உள்ளூர் வியாபாரியின் பெயர், என்ன விலைக்கு வாங்கினார் என்ற விவரம், இவற்றை எழுதி வையுங்கள். அந்தப் பெயரைப் பார்த்தால் அடுத்த கடைக்காரர் மெட்ராஸைப் பற்றிக் கேட்க மாட்டார்.

முதல் கூட்டத்துக்கு என்னை வரச் சொல்லி அடிக்குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். அந்த நாற்காலியை வத்தல் கிட்டங்கி முதலாளிக்குக் கொடுங்கள். அவரிடம் பேசிவிட்டேன், வரச் சம்மதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அவருக்குத் தோதுப்படும். அவருடைய விலாசத்தைத் தனிக் கடிதத்தில் அனுப்பியிருக்கிறேன்.