காலி பிக்அப் தூக்கிப் போடுகிறது: எந்த ஷாக் அப்சார்பர் வாங்கலாம்?

வாசகர் கேள்வி: எங்கள் பிக்அப் 90,000 கி.மீ. ஓடிவிட்டது. பெரும்பாலும் காலியாகவோ கொஞ்சம் சாமானோடோதான் ஓட்டுகிறோம். பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது. நான்கு ஷாக்கையும் கழற்றிவிட்டு ஹெவி டியூட்டி கேஸ் ஷாக் போட்டால் கார் மாதிரி ஓடும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா? எதை வாங்குவது?

பதில்: ஹெவி டியூட்டி வேண்டாம். காலியாக ஓடும் வண்டியில் அதைப் போட்டால் இப்போதைவிட அதிகமாகத் தூக்கிப் போடும். உங்களுக்குத் தேவை, வண்டி வாங்கும்போது இருந்த அதே உயரத்துக்கான, கேஸ் அழுத்தம் குறைந்த ட்வின் டியூப் (குழாய்க்குள் குழாய் வைத்த) ஷாக். ஆனால் ஷாக்தான் கெட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது பின்னால் இருக்கும் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). அது முழு லோடுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. காலியாக இருக்கும்போது அவ்வளவாக வளையாது. பட்டை ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக்கின் வேலை. விறைப்பான பட்டையை எந்த ஷாக்கும் இளக வைக்காது. இதைச் சொல்லாமல் ஷாக் விற்பவர்கள்தான் அதிகம்.

ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடினால், கரடுமுரடான சாலையில் வால் பக்கவாட்டில் நழுவினால், பிரேக் பிடிக்கும்போது மூக்கு குப்பென்று குனிந்தால், ஷாக் போய்விட்டது. ‘டங்’ என்று ஒரே ஓர் அடி, அதன் பிறகு ஆட்டமே இல்லை என்றால் கோளாறு டயரிலோ பட்டையிலோ ஸ்டாப்பர் ரப்பரிலோ (அச்சு மேலே வந்து சட்டத்தில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) இருக்கிறது.

டயரில் தொடங்குங்கள். ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் காற்றழுத்தம் எவ்வளவு என்று இருக்கும். பல பிக்அப்களில் காலிக்கு ஓர் அளவு, லோடுக்கு ஓர் அளவு என்று பின் டயருக்குத் தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. காற்றடிக்கும் இடங்களில் பலர் அதைப் பார்த்து நிரப்பிவிடுகிறார்கள். அதிக பாரம் தாங்கும் லோடு ரேஞ்ச் ‘இ’ வகை டயரில் அது 80 பி.எஸ்.ஐ. வரை இருக்கும்; காலி வண்டியில் அவ்வளவு அடித்தால் டயர் கல்லாகிவிடும். காலையில் டயர் சூடேறும் முன் அளந்து, அட்டையில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது பட்டை. பட்டை நுனிகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் தேய்ந்து, துரு ஏறியிருந்தால் பட்டைகள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் இறுகியிருந்தாலும் இதே கதைதான். யாராவது லோடுக்காகக் கூடுதல் பட்டை சேர்த்திருக்கிறார்களா என்றும் எண்ணிப் பாருங்கள். அப்படி இருந்தால் அதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இப்போது ஷாக். ‘ஆயிலா, கேஸா’ என்று கடையில் கேட்பதே வழிதவறிய கேள்வி. எல்லா ஷாக்கிலும் ஆயில் உண்டு. அது நுரைத்துப்போகாமல் அழுத்திப் பிடிக்கவே கேஸ். ட்வின் டியூப்பில் இந்த அழுத்தம் குறைவு, அதனால் சின்னச் சின்ன மேடுபள்ளங்களை இதமாக விழுங்கும். ஒரே குழாய் உள்ள மோனோ டியூப்பில் அழுத்தம் பல மடங்கு அதிகம், தண்டை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். லோடோடு நெடுந்தூரம் கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிக்கு அதுதான் சரி, சூட்டில் சீக்கிரம் துவளாது. காலி வண்டிக்குத் தேவையில்லை.

பிராண்டு பெயரை மட்டும் கேட்டு வாங்கினால் ஏமாறுவீர்கள். கேஒய்பி நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: எக்செல்-ஜி என்பது ட்வின் டியூப், கேஸ்-அ-ஜஸ்ட் என்பது மோனோ டியூப். பெட்டியில் ஒரே பெயர், ஓட்டத்தில் இரண்டும் வேறு. ரான்சோ நிறுவனத்தின் ஆர்எஸ்9000எக்ஸ்எல் ஷாக்கில் 9 நிலைகளில் விறைப்பை மாற்றலாம். சில நாள் காலி, சில நாள் லோடு என்று ஓடுபவர்களுக்குப் பொருந்தும். இவ்வளவு பணம் வாங்கும் நிறுவனங்கள் தங்கள் ஷாக் எவ்வளவு விசையோடு தடுக்கிறது என்ற எண்ணைப் பெட்டியில் போடக் கூடாதா? ‘ஹெவி டியூட்டி’, ‘கம்ஃபோர்ட்’ என்று அவரவர் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்கிறார்கள், அதற்குப் பொது அளவுகோலே கிடையாது. வாங்குபவர் பெயின்ட் நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இது அநியாயம்.

இனி, ஏமாற்று வேலைகள். ஷாக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதைக் காட்டி ‘லீக்’ என்று சொல்வது வழக்கம். தண்டு வெளியே வரும் இடத்தில் ஆயிலை அடைத்து நிற்கும் சீலுக்கு அருகே மெல்லிய பசை படிவது இயல்பு. துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் ஈரமாகி வழிந்தால்தான் லீக். மூலையை அழுத்திவிட்டு ஆட்டிக் காட்டும் சோதனையையும் நம்பாதீர்கள், பிக்அப்பின் பட்டையைக் கையால் அழுத்தவே முடியாது. கீழ் போல்ட்டைக் கழற்றி ஷாக்கை முழுக்க இழுத்து அமுக்குங்கள். திரும்பும் இடத்தில் தடையே இல்லாமல் லொடக்கென்று போனாலோ, நடுவில் சிக்கினாலோ கெட்டுவிட்டது. கேஸ் ஷாக் அமுக்கி விட்டதும் தானாக நீள வேண்டும்; நீளாவிட்டால் கேஸ் போய்விட்டது. ‘ரீகண்டிஷன்’ என்று பழையதை வெட்டி, ஆயில் ஊற்றி, பற்றவைத்து விற்பதைத் தொடவே தொடாதீர்கள். புதிதிலும் பெட்டியில் உள்ள பார்ட் நம்பர் ஷாக்கின் உடம்பிலும் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கையும் மாற்றியே ஆக வேண்டும் என்பதும் பொய். ஒரு அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், அது போதும்.

வண்டியை லிஃப்ட் கிட் போட்டு உயர்த்தியிருந்தால் மட்டும் மேலே சொன்ன ‘அதே உயரத்துக்கான ஷாக்’ செல்லாது. இதில் அவசரப்படாதீர்கள். உயர்த்திய வண்டியில் பழைய நீள ஷாக்கைப் போட்டால், சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு, தன் முனையில் தானே இடித்துக்கொள்ளும். சீலும் மேல் மவுண்ட்டும் சீக்கிரம் போகும். தேவைக்கு மேல் நீளமானதைப் போட்டால் ஸ்டாப்பர் ரப்பர் தொடும் முன்பே ஷாக் அடி தட்டும். எனவே இரண்டு அளவு எடுங்கள். வண்டியின் சட்டத்தை ஸ்டாண்டில் நிறுத்தி, பழைய ஷாக்கின் கீழ் முனையைக் கழற்றிவிட்டு, பிரேக் ஹோஸ் இழுபடாமல் அச்சைத் தொங்கவிட்டு, மேல் மவுண்ட்டுக்கும் கீழ் மவுண்ட்டுக்கும் இடையே அளந்துகொள்ளுங்கள்: புது ஷாக் முழுக்க நீண்ட அளவு இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஸ்டாப்பர் நசுங்கிய நிலையில் அதே தூரத்தைக் கணக்கிடுங்கள்: புது ஷாக் முழுக்கச் சுருங்கிய அளவு இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பில்ஸ்டீன் நிறுவனம் தன் ஷாக்குகளில் 4600 இயல்பு உயரத்துக்கு, 5100 உயர்த்திய வண்டிக்கு என்று பிரித்திருப்பதும் இதற்காகத்தான்.

மாட்டும்போது ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறு பக்கத்தைக் கழற்றுங்கள். அச்சுக்கு அடியில் ஜாக்கி இருக்கட்டும். ட்வின் டியூப்பை வண்டியில் நிற்கும் திசையிலேயே நிமிர்த்திப் பிடித்து நான்கைந்து முறை அமுக்கி இழுத்தால் உள்ளே நின்ற காற்று வெளியேறும். பளபளக்கும் தண்டைப் பிளையரால் பிடிக்கக் கூடாது, ஒரு கீறல் சீலைக் கிழித்துவிடும். கண் வடிவப் புஷ் உள்ள போல்ட்டைச் சக்கரம் தரையில் ஊன்றி நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முறுக்கினால் ரப்பர் எப்போதும் திருகியே நின்று கிழியும், கிறீச்சென்று கத்தும். முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஸ்ட்ரட் என்றால் வீட்டில் பிரிக்காதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் உயிருக்கே ஆபத்து. முழு செட்டாக வாங்கி மாட்டச் சொல்லி, அன்றே வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

உங்கள் வண்டிக்கு வரிசை இதுதான்: டயர் காற்று, பட்டை, பிறகு பின் ஷாக் இரண்டு மட்டும். மாட்டிச் சில நூறு கி.மீ. ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் அந்த ஒற்றை ‘டங்’ இருந்தால் மெக்கானிக்கிடம் மறுபடி ஷாக் பேச்சை எடுக்க விடாதீர்கள். பட்டை வேலை செய்பவரிடம் வண்டியைக் கொண்டுபோங்கள்.