மனநல மாத்திரை சாப்பிடறேன், சுகரும் இருக்கு. வாக்கிங் போனா கிறுகிறுன்னு வருது. ரெண்டு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்றாங்க. எக்சர்சைஸை விட்டுடலாமா?

விடாதீங்க. மொதல்ல இதை சொல்லிடறேன், ஏன்னா கீழ எழுதப் போறதை படிச்சுட்டு நீங்க பயந்து நிறுத்திடுவீங்களோன்னு ஒரு டவுட்டு. ரெண்டு டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் கை காட்றாங்கன்னு எழுதி இருக்கீங்க பாருங்க, அந்த வரிய படிச்சதும் எனக்கு சுர்ருனு ஏறிச்சு. அதுக்குத்தான் இந்த ராத்திரில உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன். உங்க வீட்லயும் "உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம், மாத்திரைய போட்டுட்டு கம்முனு படு"ன்னு சொல்லிட்டு இருப்பாங்க, கரெக்டா?

நான் டாக்டர் கெடையாது, வக்கீலும் கெடையாது. ஹார்பர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல பில் போடற ஆளு. பைபோலார், அதாவது மனசு அளவு மீறி ஏறி இறங்கற நோய், ரொம்ப வருஷமா இருக்கு, சுகர் அப்புறம் வந்து ஒட்டிக்கிச்சு. எனக்கு நடந்ததையும் அதுக்கப்புறம் தேடிப் படிச்சதையும் தான் சொல்றேன், இதை வெச்சு யாரும் மாத்திரைய மாத்திக்காதீங்க, அப்புறம் என்னை வந்து திட்டாதீங்க.

எனக்கு லித்தியமும் ஓலான்சபினும் ஓடுது, ரெண்டும் மனநல மாத்திரை. ஓலான்சபின் ஆரம்பிச்சதுல இருந்து பசி அடங்கவே அடங்காது, ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஃபிரிட்ஜை தெறந்து நிப்பேன். வெயிட்டு ஏறிச்சு, பின்னாடியே சுகரும் வந்துச்சு. இது ஒண்ணும் புதுசா கண்டுபுடிச்ச ரகசியம் இல்லீங்க. அமெரிக்கால சுகர் டாக்டர் சங்கமும் சைக்யாட்ரிஸ்ட் சங்கமும் ஒண்ணா உக்காந்து 2004லயே எழுதி வெச்சிருக்காங்க, இந்த வகை மாத்திரை ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்பளவு, பிபி, சுகர், கொழுப்பு எல்லாம் பாக்கணும், 12 வாரம் கழிச்சு எடை, பிபி, சுகர், கொழுப்பை மறுபடி பாக்கணும்னு. எனக்கு யாரும் இடுப்ப அளந்ததா ஞாபகம் இல்ல, பேன்ட் தைக்கிற டெய்லரைத் தவிர.

அப்புறம் லித்தியத்தால கை நடுக்கம். பேனா புடிச்சா கையெழுத்து கோணிக்கினு போகும், பில்லுல சைன் போட முடியாது. அதுக்கு சைக்யாட்ரிஸ்ட் புரோப்ரனலால் குடுத்தாரு, நடுக்கம் நின்னுடுச்சு, நல்ல மாத்திரை தான். இந்தப் பக்கம் சுகர் டாக்டர் மெட்ஃபார்மினோட கிளிமிபிரைடு சேத்து எழுதினாரு. அவரு சீட்டு ஒரு ஃபைல்ல, இவரு சீட்டு ஒரு ஃபைல்ல. ரெண்டு பேரும் நல்ல டாக்டருங்க, ரெண்டு பேர் குடுத்ததும் தனித்தனியா பாத்தா சரியான மாத்திரை தான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கத்தான் ஆள் இல்ல.

வியாசர்பாடின்னா வெளியூர் ஆளுங்களுக்கு சினிமால காட்ற அருவா தான் ஞாபகம் வரும், எங்களுக்கு ஃபுட்பால். சின்ன வயசுல ஆடின செட்டு ஞாயித்துக்கெழம காலீல இன்னும் சேருவோம், தொப்பையோட ஆடறதுதான், ஆனா ஆடுவோம். உடம்ப இறக்கணும்னு சுகர் டாக்டர் சொன்னதும் எனக்கு ஒரே குஷி. அன்னைக்கு சீட்டுல எழுதி இருந்த மாதிரியே மாத்திரைய போட்டேன், கிரவுண்டுக்கு போனேன், நாஸ்டா ஆட்டம் முடிஞ்சப்புறம் தான், எப்பவும் அப்படித்தான். கிளிமிபிரைடு போட்டா கையோட சாப்பிட்டுடணும், ஓடப் போற அன்னைக்கு டோசை குறைக்கணுமான்னு முன்னாடியே பேசணும், இதையெல்லாம் எனக்கு சொன்னவங்க யாரும் கெடையாது.

செகண்ட் ஹாஃப்ல நான் ரெஃப்ரி கிட்ட சண்டைக்கு போனேனாம். போனேனாம்னு தான் சொல்ல முடியும், எனக்கு அது ஒரு துளி கூட ஞாபகம் இல்ல. பால் நேரா எங்கிட்ட வருது, நான் அதை விட்டுட்டு கீழ உக்காந்து ஷூ லேஸை அவுக்கறேன், கட்டறேன், மறுபடி அவுக்கறேன். "டேய் எந்திரிடா"ன்னு கைய புடிச்சவனை தள்ளி விட்டேனாம். பசங்க தங்கமானவனுங்க, ஆனா என் பழைய கதை அவனுங்களுக்கு தெரியும். ஒருத்தன் உடனே, "மறுபடியும் புட்ச்சுக்கிச்சுடா, வூட்டாண்ட போன் போடு"ன்னுட்டான். இன்னொருத்தன் வாய்ல கடலை மிட்டாயை திணிச்சான், அவன் மட்டும் கொஞ்சம் கரெக்டா யோசிச்சான், ஆனா கடலைல எண்ணெய் இருக்கறதால சக்கரை சீக்கிரம் ரத்தத்துக்கு போகாது, சாக்லேட்டும் அப்படித்தான், தவிர சுயநினைவு இல்லாத ஆளு வாய்ல எதையும் திணிக்கவே கூடாது, புரை ஏறிடும்.

ஆட்டோல தூக்கிப் போட்டு பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனாங்க. பேரு வேணாம். என்னா மாத்திரை சாப்பிடறாருன்னு டூட்டி டாக்டர் கேட்டதுக்கு, "மெண்டல் டாக்டராண்ட காட்றான் சார்"னு சொல்லி இருக்கானுங்க. அவ்ளோதான். அதுக்கப்புறம் அந்த ரூம்ல நான் சுகர் பேஷண்ட் கெடையாது, வேர்த்து ஊத்தற மனுஷன் கூட கெடையாது. ஊசி போட்டு தூங்க வெச்சுட்டு கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடலாம்னு பேச்சு ஓடுது.

அதுக்குள்ள என் வைஃப் வந்துட்டா. வந்து கழுத்துல கை வெச்சு பாத்துட்டு சொன்னது அப்படியே எழுதறேன், அங்க இருந்த பசங்க சொல்லித்தான் எனக்கு தெரியும். "சார், இவருக்கு அது வர்றதா இருந்தா முன்னாடியே ராத்திரி தூக்கம் போயிடும், பேச்சு ஜாஸ்தியாவும், எனக்கு தெரியாம வராது. நேத்து நல்லா தூங்கினாரு. காலீல நல்லா போன ஆளு அரை மணி நேரத்துல இப்படி ஆவாரா? உடம்பு ஜில்லுனு கீது, சுகர் பாருங்க மொதல்ல." டாக்டர் அசையல. பக்கத்துல இருந்த சிஸ்டர் தான் சத்தம் போடாம விரல்ல குத்திட்டாங்க. 38.

70க்கு கீழ போனாலே லோ சுகர், 54க்கு கீழ போனா மூளை தடுமாற ஆரம்பிச்சுடும், குழப்பம், கோவம், உளறல் எல்லாம் வரும், பாக்கறவனுக்கு குடிச்ச மாதிரியோ புத்தி பெரண்ட மாதிரியோ தான் தெரியும். நரம்புல குளுக்கோஸ் ஏத்தினதும் நான் கண்ணு முழிச்சு கேட்டது "ஸ்கோர் இன்னாடா?" அது ஒண்ணுதான் அந்த நாள்ல எல்லாரும் சிரிச்சது. உடனே வீட்டுக்கு போறேன்னேன், விடல, அது சரிதான், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையால இறங்கின சுகர் ஏத்தினப்புறமும் மணிக்கணக்கா மறுபடி மறுபடி இறங்கும்.

ஏன் எனக்கு முன்னாடியே தெரியல? சுகர் இறங்கினா கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், அதுதான் உடம்பு அடிக்கிற பெல். புரோப்ரனலால் அந்த ரெண்டையும் அமுக்கிடும். வேர்வைய மட்டும் அமுக்காது. மெட்ராஸ்ல ஃபுட்பால் ஆடறவன் வேர்வைய பாத்து யாராவது சந்தேகப்படுவாங்களா, சொல்லுங்க.

இப்போ உங்க மேட்டருக்கு வரேன், எனக்கும் அதே கதை தான். சுகர் டாக்டர் கிட்ட போனா, "அது சைக்யாட்ரி மருந்து, நான் கை வெக்க மாட்டேன், அவரை கேளுங்க". சைக்யாட்ரிஸ்ட் கிட்ட போய், சார் என்னென்ன குடுக்கறீங்க, எதுக்கு குடுக்கறீங்கன்னு சுகர் டாக்டருக்கு ஒரு லெட்டர் குடுங்கன்னு கேட்டா, "மனநல பேஷண்ட் விவரம் ரகசியம், சட்டம் ஒத்துக்காது". நான் நின்னு நிதானமா வீட்டுக்கு வந்து சட்டத்தை படிச்சேன். மனநல பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018ல. அதுல 23வது பிரிவு தான் ரகசியத்தை பத்தினது. அதே பிரிவுலயே விலக்கும் இருக்கு, சிகிச்சை குடுக்கறதுக்காக வேற டாக்டருங்களுக்கு விவரம் சொல்லலாம்னு. வேற மனநல டாக்டருக்கு மட்டும் இல்ல, மத்த மருத்துவத் துறைக்காரங்களுக்கும் சேத்தே எழுதி இருக்கு. 25வது பிரிவு, என் கேஸ் விவரத்தை நானே கேட்டு வாங்கலாம்னு சொல்லுது. ரகசியம் எனக்காகத்தான்யா, எங்கிட்ட இருந்தே ஒளிக்கறதுக்கு இல்ல.

அடுத்த தடவை சைக்யாட்ரிஸ்ட் கிட்ட போனப்ப போன்ல அந்தச் சட்டத்தை தெறந்து மேசை மேல வெச்சேன். சண்டை எல்லாம் இல்ல, மரியாதையா தான். மனுஷன் கண்ணாடிய கழட்டி தொடச்சுட்டு ரெண்டு தரம் படிச்சாரு, அப்புறம் ஒண்ணும் சொல்லாம லெட்டர் பேடை எடுத்தாரு. அன்னைக்கே சுகர் டாக்டருக்கு போனும் பண்ணிட்டாரு. ஒரு டீ ஆறற நேரம் கூட பேசி இருக்க மாட்டாங்க. லித்தியம் லெவல் பாத்து டோசை கொஞ்சம் இறக்கினதும் நடுக்கம் குறைஞ்சுது, புரோப்ரனலாலை படிப்படியா நிறுத்தினாங்க, அதை திடீர்னு நிறுத்தக் கூடாது. கிளிமிபிரைடுக்கு பதிலா சிடாக்ளிப்டின், அது தனியாவோ மெட்ஃபார்மினோடவோ இருந்தா சுகரை அதலபாதாளத்துக்கு இறக்கறது ரொம்ப அபூர்வம். இவ்ளோ சின்ன வேலைக்கு நான் 38 வரைக்கும் போயிட்டு வர வேண்டி இருந்துச்சு.

சட்டத்துல இன்னும் இருக்கு. 14வது பிரிவுபடி உங்களுக்காக பேச ஒரு ஆளை நீங்களே நியமிக்கலாம், வெள்ளப் பேப்பர்ல எழுதி கையெழுத்தோ கைநாட்டோ போட்டா போதும், நான் என் வைஃபை போட்டிருக்கேன், ஏன்னு சொல்லத் தேவையில்ல. எப்படி ட்ரீட் பண்ணணும், பண்ணக் கூடாதுன்னு முன்கூட்டியே எழுதி வெக்கறதுக்கும் 5வது பிரிவுல வழி இருக்கு, ஆனா அவசர சிகிச்சைக்கு அது செல்லாது, அதனால அதை மட்டும் நம்பாம பர்ஸ்ல ஒரு லேமினேட் பண்ண அட்டை வெச்சிருக்கேன், "சுகர் பேஷண்ட். உளறினா மொதல்ல விரல்ல குத்திப் பாக்கவும்"னு. இன்சூரன்ஸ் கம்பெனி மனநோய்க்கு மட்டும் கவர் கெடையாதுன்னு சொன்னா 21வது பிரிவை காட்டுங்க.

பழக்கமும் மாத்தி இருக்கேன். ஆடப் போறதுக்கு முன்னாடி குத்திப் பாப்பேன், 90க்கு கீழ இருந்தா ஏதாவது சாப்பிட்டுட்டு தான் எறங்கறது. பாக்கெட்ல குளுக்கோஸ் பவுடர், இறங்கினா மூணு டீஸ்பூன் தண்ணில போட்டு குடிச்சுட்டு 15 நிமிஷம் உக்காந்து மறுபடி குத்திப் பாக்கறது, அது கெடைக்கலன்னா சாதா சக்கரையே போதும், டயட் கோக்கு உதவாது. நீங்க இன்சுலின் போடறவரா இருந்தா நடக்கறதுக்கு முன்னாடி தொடைல போடாதீங்க, சீக்கிரம் இழுத்துக்கும், சாயங்காலம் ஓடினா ராத்திரி தூக்கத்துல இறங்கறதும் உண்டு. லித்தியம் சாப்பிடறவங்க தண்ணியும் உப்பும் திடீர்னு குறைக்கக் கூடாது, மே மாச வெயில்ல வேர்த்து வறண்டா ரத்தத்துல லித்தியம் ஏறி விஷமாயிடும். முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல டைக்லோஃபெனாக், இபுப்ரோஃபென் வாங்கிப் போடறதும் அதே வேலைய பண்ணும், எங்க டீம்ல பாதிப் பேர் அதைப் போட்டுட்டு தான் ஆடறானுங்க.

ஆடறதுக்கு எடமே இல்லைங்கறது தனிக் கதை. நாங்க ஓசில ஆடின மண்ணு கிரவுண்டு எல்லாம் ஒண்ணொண்ணா கம்பி வலை போட்டு பச்சக் கலர் தரைய விரிச்சு மணிக்கு இவ்ளோன்னு ஆயிடுச்சு. கூலி வேலை செய்யறவன் வீட்டுப் பையன் துட்டு குடுத்து ஆடுவானா? வாக்கிங் போலாம்னா எண்ணூர் ரோட்ல கன்டெய்னர் லாரி ஓரமா நின்னுகினு இருக்கு, தூசிய முழுங்கிட்டு தான் நடக்கணும். எக்சர்சைஸ் பண்ணுங்கன்னு சீட்டுல எழுதறவங்க ஒரு தரம் எங்க பக்கம் நடந்து பாக்கட்டும். பசங்க என்னை கேரம்போர்டுக்கு வந்துடுன்னு கிண்டல் பண்றானுங்க, எங்க செரியன் நகர் பொண்ணு காசிமா 2024ல உலகக் கோப்பைய ஜெயிச்சுட்டு வந்ததுல இருந்து ஏரியால அதுக்கு மவுசு ஜாஸ்தி. எனக்கு வேணாம், நான் ஃபுட்பால் தான்.

கமெண்ட்ல வந்து "மாத்திரை எல்லாம் சதி, வெந்தயமும் யோகாவும் போதும்"னு எழுதப் போறவங்களுக்கு, நான் லித்தியத்தை விட்டுட்டு என்ன ஆனேன்னு என் வைஃப் சொல்லுவா, அவ கிட்ட பேச தைரியம் இருந்தா பேசிக்குங்க. "டாக்டரை குத்தம் சொல்றியா"ன்னு கேக்கறவங்க மேல போய் மறுபடி படிங்க.

உங்க கேள்வில ஒண்ணு விட்டுப் போச்சு, கிறுகிறுப்பு எப்போ வருதுன்னு எழுதல. பெஞ்சுல உக்காந்துட்டு எந்திரிக்கும்போது வந்தா அது பிபியா இருக்கலாம், சில மனநல மாத்திரை நிக்கும்போது பிபிய இறக்கும். நடக்க ஆரம்பிச்சு பாதி வழில வந்தா சுகர் மேல தான் எனக்கு சந்தேகம். மீட்டரை கூடவே எடுத்துட்டு போங்க, வர்ற நேரத்துலயே உக்காந்து குத்திப் பாருங்க, நேரம், நம்பர், கடைசியா சாப்பிட்டது எப்போ, அன்னைக்கு போட்ட எல்லா மாத்திரை பேரும் ஒரே பேப்பர்ல எழுதி ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து ரெண்டு பேருக்கும் குடுங்க, ஒருத்தர் போன் நம்பரை இன்னொருத்தர் பேப்பர்ல எழுதியே குடுங்க.