ஏஐ கருவி வாங்கியாயிற்று. பயிற்சி கொடுத்தால் ஊழியர்கள் சரியாகப் பயன்படுத்துவார்களா?

எந்த மாதிரிப் பயிற்சி என்பதைப் பொறுத்தது. 2023இல் பாஸ்டன் கன்சல்டிங் குரூப் என்ற ஆலோசனை நிறுவனத்தின் 758 ஆலோசகர்களை வைத்து நடந்த ஆய்வில், ஏஐ தடுமாறும்படி அமைத்த ஒரு வணிகச் சிக்கலுக்கு, ஜிபிடி-4 என்ற ஏஐ கருவி இல்லாதவர்களில் சுமார் 84% பேர் சரியான விடை தந்தனர். அதைப் பெற்றவர்களில் 70%. ப்ராம்ப்ட் (ஏஐக்குத் தரும் கட்டளை) எழுதும் பயிற்சியும் பெற்றவர்களில் 60%தான். ஏஐ தந்த விடையை மிகையாக நம்பிவிட்டதே காரணமாக இருக்கலாம்.

ஆகவே பொதுவான செயல்விளக்கத்தோடு நிறுத்தாதீர்கள். ஊழியர்களின் பிரிவிலேயே முடிந்துபோன, விடை தெரிந்த பத்து வேலைகளை எடுங்கள். அவற்றில் குறைந்தது இரண்டு மூன்று வேலைகள் ஏஐ தவறுபவையாக இருக்கட்டும். ஒவ்வொருவரும் தாமே செய்து பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்தத் தரவை உள்ளிடக் கூடாது என்பதைப் பயிற்சி நாளன்றே எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் பயந்தவர் கருவியைத் தொடமாட்டார். துணிந்தவர் வாடிக்கையாளர் விவரத்தை அப்படியே ஒட்டிவிடுவார். மேலாளரும் வகுப்பில் உட்காரட்டும்: சரிபார்க்கும் நேரத்தை அவர் ஒதுக்காவிட்டால் யாரும் சரிபார்க்கமாட்டார்கள்.