ஒதுக்கியது எவ்வளவு, வந்தது எவ்வளவு?

கேள்வி: 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் சுகாதாரத்துக்கு 604 பில்லியன் ரூபா ஒதுக்கியதாக அரசாங்கம் பெருமைப்படுகிறது. மேலதிக நேரக் கொடுப்பனவைக் குறைத்து வைத்தியசாலைகளை முடக்குவதாகத் தொழிற்சங்கங்களும் எதிர்க்கட்சியும் சாடுகின்றன. கிளினிக்கிலோ என் தாயாரின் நீரிழிவு மருந்தை வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தருகிறார்கள். யாரை நம்புவது? – வாசகர் ஒருவர், கிண்ணியா

பதில்: இந்த விடயத்தில் இருவரையும் நம்ப வேண்டாம். ஒதுக்கீடு என்பது செலவிடுவதற்குப் பாராளுமன்றம் தரும் அனுமதி மட்டுமே. காசைத் திறைசேரி பிறகுதான் கட்டங்கட்டமாக விடுவிக்கும். மருந்துக்கென்று சொல்லப்பட்ட 185 பில்லியனும் அப்படித்தான். மருத்துவ வழங்கல் பிரிவு தேவையை மதிப்பிட்டு, அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் விலைமனுக் கோரி, பொருள் கப்பலேறி வந்துசேர்வதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஆகவே இன்று உங்கள் தாயாருக்குக் கிடைக்காத குளிசை, போன வருடம் யாரோ உரிய நேரத்தில் போடாத கையெழுத்தாகவும் இருக்கலாம்.

செலவுக் கட்டுப்பாட்டைப் பற்றி இரு தரப்பும் வாய் திறக்காத ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டத்தின்படி, வட்டி நீங்கலான அரச செலவினம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கடன்காரருக்குரிய வட்டி இந்த வரம்புக்கு வெளியே நிற்க, மருந்தும் தாதியரின் கொடுப்பனவும் அதற்குள் இடிபடுகின்றன. சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் இன்று எதிர்த்தரப்பில் இருக்கிறார்கள். இன்று ஆள்பவர்கள் அதற்கு அடங்கித்தான் கணக்குப் போடுகிறார்கள். பிறகு எதற்கு இந்தக் கூச்சல்? கட்டுப்பாடே கூடாதென்று நாம் சொல்லவில்லை. தட்டுப்பாட்டைக் காட்டிச் செய்த அவசரக் கொள்வனவில் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் என்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்து உள்ளே வந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில் கைதானதை நாடு மறக்கவில்லை. ஆனால் மருந்துக் காசைப் பிடித்துவைப்பதை மேற்பார்வை என்று எவரும் சொல்ல முடியாது.

நம் மாகாணத்தில் அந்த மேற்பார்வைக்கு ஆளே இல்லை. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய வைத்தியசாலைகளின் செலவைக் கேள்வி கேட்க வேண்டிய கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அன்றிலிருந்து, சனாதிபதி நியமிக்கும் ஆளுநரே திருகோணமலையிலிருந்து நிர்வாகத்தைக் கொண்டுசெல்கிறார். தேர்தலைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு அரசாங்கத்துக்கும் இதில் பங்குண்டு. நம் தமிழ், முஸ்லிம் கட்சிகளோ அதிகாரப் பகிர்வைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகின்றன. மாகாணத்துக்கு ஒதுக்கிய சுகாதார நிதியில் எவ்வளவு வந்தது என்று கேட்பவரைக் காண்பது அரிது.

நீங்கள் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் அந்த மருந்தின் பெயரைக் குறிப்பிட்டு, கடந்த 12 மாதங்களில் எவ்வளவு கோரினார்கள், எவ்வளவு கிடைத்தது, எத்தனை நாள் கையிருப்பு இல்லாமல் இருந்தது என்று எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எமக்கு எழுதுங்கள். இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.