ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள கலை: பரீட்சைக்கு எங்கிருந்து தொடங்குவது?

சோழர், பெனின், ஜப்பான் என்று பெயர்களைப் பாடமாக்கியும் சோதினையில் எல்லாம் குழம்புகிறது என்று கேட்டிருந்தீர்கள். சரி, பெயரை விடுங்கள், செய்முறையைப் பிடியுங்கள். யாழ்ப்பாணத்தில்தானே இருக்கிறீர்கள், திருவிழாவில் வீதியுலா வரும் எழுந்தருளி விக்கிரகத்தை வடிவாகப் பாருங்கள். மெழுகில் உருவம் செய்து, மேலே களிமண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி எடுத்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் அப்படி வந்தவர்தான். நைஜீரியாவின் பெனின் அரண்மனைச் சிற்பங்களுக்கும் இதே முறை. ‘பெனின் வெண்கலங்கள்’ என்பது பெயர்தான், பெரும்பாலானவை பித்தளை! 1897இல் பிரித்தானியப் படை அவற்றைக் கொள்ளையடித்ததையும் மறக்காமல் எழுதுங்கள்.

ஜப்பானிய அச்சோவியம் வேறு கதை, மரக்கட்டையில் செதுக்குவது. ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் ‘பேரலை’ என்ற அச்சோவியத்தில் உள்ள நீலம் மட்டும் ஐரோப்பாவில் பிறந்த பிரஷ்ய நீலம் என்ற நிறமி.