முடி கொட்டுது, முடிவு இன்னும் எடுக்கல: கேள்வி பதில்

நான் மருந்தாளுநர், திருநங்கை. மருந்துச் சீட்டு எழுதும் அதிகாரம் எனக்கில்லை. டாக்டரிடம் எதைக் கேட்கணும் என்று சொல்வேன்.

அக்கா, வயசு 24. பெண்ணாக மாறுவதா வேண்டாமா என்று குழப்பம். நெற்றி ரெண்டு பக்கமும் ஏறுது. ஹார்மோன் ஆரம்பிக்கும்வரை பொறுக்கலாமா?

முடிவெடுக்க எத்தனை வருஷம் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. முடி அதுவரைக்கும் காத்திருக்காது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கை உடம்பு டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. பரம்பரையில் வழுக்கை இருந்தால், அது முடிக்கால்களைச் சுருக்கிக்கொண்டே போகும். முடி மெலிந்து பூனைமுடியாகும். பல வருஷம் அப்படியே விட்டால் எந்த மருந்துக்கும் அது திரும்பாது.

ஃபினஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை, டெஸ்டோஸ்டிரோன் இப்படி மாறுவதைத்தான் தடுக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்காது, உங்களைப் பெண்ணாக்கவும் செய்யாது. அதனால் எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் இது குறுக்கே நிற்காது. பலன் தெரிய ஆறு மாசத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும். நிறுத்தினால் காப்பாற்றிய முடியும் மெல்லப் போய்விடும். சிலருக்கு ஆசை குறையும், விறைப்பு குறையும், அரிதாக மார்பு வீங்கும். மனச்சோர்வும் வரலாம். தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவு என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதி செய்தது. ஏற்கெனவே மனசு உடைந்திருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காதீங்க.

தலையில் தடவும் மினாக்சிடில் மருந்து போட்டு மூணு வாரம். முன்னைவிட அதிகமா கொட்டுது!

பழைய முடி உதிர்ந்து புதுச் சுற்று தொடங்குது. நாலு மாசமாவது விடாமல் போடுங்க. வீட்டில் பூனை இருந்தால் மருந்து பட்ட தலையணையைக்கூட நக்க விடாதீங்க, அதுக்கு அது விஷம்.

கருத்தடை மாத்திரை தினம் ரெண்டு போட்டா முடியும் நிக்கும், மார்பும் வரும்னு தோழிகள் சொல்றாங்க.

வேண்டாம். அதிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன் காலில் ரத்தத்தை உறைய வைக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. சிகரெட்டும் பிடித்தால் இன்னும் மோசம். டாக்டர்கள் கொடுப்பது உடம்பில் இயற்கையாக உள்ள எஸ்ட்ராடியால், அதுவும் ரத்தப் பரிசோதனை பார்த்து. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கு.

ஹார்மோன் எடுத்தா வழுக்கை நிரம்புமா?

கொட்டுவது பெரும்பாலும் நிற்கும். சமீபத்தில் மெலிந்தது கொஞ்சம் தேறும். பளபளவென்று ஆன இடம் நிரம்பாது.

வெங்காயச் சாறு? கரிசலாங்கண்ணி?

பரம்பரை வழுக்கையை நிறுத்தாது.

எங்க காலத்துல சவுரி வெச்சே வாழ்ந்தோம். உறுதியா இருக்கறவளுக்கு எதுக்கும்மா மாத்திரை? முடிக்காகத் தயங்கறவ நம்ம ஆளே இல்ல.

அம்மா, உங்க மேல மரியாதை உண்டு. இந்தப் பேச்சை மட்டும் ஒத்துக்க மாட்டேன். கண்ணாடியில் தினம் ஏறும் நெற்றியைப் பார்த்தே எத்தனையோ பிள்ளைங்க, "இனிமே நமக்கு வழியில்ல" என்று முடங்கிப் போறாங்க. முடியைக் காத்துக்கொண்டால் நிதானமாக யோசிக்கலாம். தயங்குவது குற்றமா?

அம்மா சொல்றது சரிதானே? அவசரப்பட்டு மாத்திரை போட்டு அப்புறம் வருத்தப்பட்டா?

வருத்தப்பட்டால் மாத்திரையை நிறுத்தலாம். போன முடிக்கால் வராது. இதுக்கு மேல இந்தச் சண்டை வேண்டாம், மத்தவங்க காத்திருக்காங்க.

நான் திருநம்பி. டெஸ்டோஸ்டிரோன் ஆரம்பிக்கப் போறேன். அப்பா, மாமா ரெண்டு பேருமே வழுக்கை.

தம்பி, உங்களுக்கும் வர வாய்ப்பு அதிகம். ஃபினஸ்டரைடு சீக்கிரமே போட்டால் தாடி, உடல்முடி வளர்வது மெதுவாகலாம். அதனால் முதலில் மினாக்சிடில் பற்றிக் கேளுங்க. கர்ப்பப்பை இருந்து, கரு தரிக்க வாய்ப்பும் இருந்தால் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்க: ஃபினஸ்டரைடு ஆண் சிசுவைப் பாதிக்கும், டெஸ்டோஸ்டிரோன் கருத்தடையும் ஆகாது.

அக்கா, முடி நிக்க, மார்பு வர, கருத்தடை மாத்திரை தினம் ரெண்டுக்குப் பதிலா ஒண்ணு மட்டும் போட்டா?

முன்னாடியே சொன்னதுதான். ஒண்ணுகூட வேண்டாம்.

முடி நடவு இப்பவே செஞ்சிடவா?

பொறுங்க. பின்மண்டையிலிருந்து எடுத்துத்தான் நடுவாங்க, அந்த இருப்புக்கு அளவு உண்டு. இப்போது ஆண் நெற்றிக்கோட்டில் நட்டுவிட்டு, பிறகு தாழ்வான, வட்டமான பெண் நெற்றி வேணும்னால் முடி பத்தாமல் போகும். ஹார்மோன் எடுப்பதாக முடிவானால், ஒரு வருஷமாவது எடுத்து, எங்கே எவ்வளவு தேறுது என்று பார்த்த பிறகு நடவைப் பேசுங்க. எந்த நெற்றிக்கோடு வேணும் என்பதை டாக்டரிடம் வரைந்தே காட்டுங்க.