ஹேவ்லாக்கில் ஒரு டைவிங் நாள்: கேள்வி பதில்

நண்பர்களோடு அந்தமான் கிளம்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா கற்றுத்தரும் பயிற்சியாளர் ஒருவரின் பதில்கள். (2018-இல் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் என்று மாறிவிட்டது, ஆனாலும் பேச்சில் ஹேவ்லாக்தான்.)

மதன், சேலம்: அண்ணா, கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் ஜனவரியில் வருகிறோம். இரண்டு பேருக்கு நீச்சல் தெரியாது. அவர்களைக் கரையில் விட வேண்டியதுதானா?

வேண்டாம் தம்பி, கூட்டி வாருங்கள். முதல்முறை டைவுக்கு நீச்சல் கட்டாயமில்லை. பத்து வயது நிறைந்திருக்க வேண்டும், உடல்நிலைப் படிவத்தை உண்மையாக நிரப்ப வேண்டும், 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. பயிற்சியாளர் உங்கள் முதுகிலுள்ள காற்றுச் சிலிண்டரைப் பிடித்தபடி கூடவே வருவார்.

முதலில் நெஞ்சளவுத் தண்ணீரில் மண்டியிட்டு, ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) கடித்துக்கொண்டு வாயால் மூச்சுவிடப் பழகுவீர்கள். அந்தப் பயிற்சியை அவசரப்படுத்தாதீர்கள். கீழே மூச்சை அடக்கவே கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழிந்துவிடும். நன்றாக நீந்துகிறவர்களிடம்தான் இதை அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முங்கினால் மூச்சடக்குவது அவர்களுக்குச் சிறுவயதுப் பழக்கம்.

செல்வி, மதுரை: இறங்கும்போது காது வலிக்குமாமே?

வலிக்கும்வரை காத்திருந்தால் வலிக்கும். ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதுங்கள். வலி வந்துவிட்டால் பலம்கொண்டு ஊத வேண்டாம், கொஞ்சம் மேலே ஏறி மறுபடி ஊதுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் கிடையாது. மூக்கடைப்பு மருந்து போட்டுக்கொண்டும் இறங்காதீர்கள். அதன் வேகம் பாதியில் குறைந்தால், மேலே வரும்போது உள்ளே சிக்கிய காற்றுக்கு வழியிருக்காது.

குமார், தேனி: பெரிய மீசை வைத்திருக்கிறேன். மாஸ்க்கில் தண்ணீர் வருமா? எடுக்கச் சொல்வீர்களா?

எடுக்க வேண்டாம். மூக்குக்குக் கீழே மாஸ்க்கின் சிலிக்கான் விளிம்பு உட்காரும் இடத்தில் மட்டும் மெல்லிய கோடாக ஒதுக்கிவிடுங்கள். அப்படியும் கொஞ்சம் கசியும். கசிந்தால் மாஸ்க்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, நிமிர்ந்து பார்த்து, மூக்கால் ஊதுங்கள். தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். நெற்றியில் சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் அது கரைந்து கண்ணுக்குள் வந்து எரியும். மீசையைவிட அது பெரிய தொல்லை.

ராஜேஷ், சென்னை: காலையில் டைவ் செய்துவிட்டு அன்றைக்கே விமானம் ஏறலாமா?

கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் அல்லது அடுத்தடுத்த நாட்களில் என்றால் 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் கடைசி நாளில் டைவ் வைக்கவே மாட்டேன்.

ராஜேஷ்: போன வருடம் நாங்கள் நான்கு பேர் காலையில் போர்ட் பிளேர் பக்கத்து நார்த் பேயில் டைவ் செய்து மதியமே சென்னைக்குப் பறந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாததில் சந்தோஷம். ஆனால் அதை வைத்து அடுத்தவரை அனுப்பாதீர்கள். சிலிண்டரில் இருப்பது வெறும் ஆக்சிஜன் இல்லை, நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், அதில் 78 சதவீதம் நைட்ரஜன். அழுத்தத்தில் அது ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்கும், மேலே வந்தபிறகு மூச்சு வழியாக மெதுவாக வெளியேறும். விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப்போல் இருக்காது. சுமார் 2,400 மீட்டர் உயரம்வரை, அதாவது ஊட்டியைவிடச் சற்று மேலே இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். நைட்ரஜன் உடம்பில் மிச்சமிருக்கும்போது அழுத்தம் அப்படி இறங்கினால் குமிழி கட்டும். மூட்டுவலி, மரத்துப்போதல், மோசமானால் கைகால் செயலிழப்பு வரை போகலாம்.

அருண், கோவை: ராஜேஷ் சொல்வதுதான் நடைமுறை. ஆழம் குறைவு, ஒன்றும் ஆகாது என்று டிக்கெட் கொடுத்தவரே சொன்னாரே?

ஆழமும் நேரமும் குறைந்தால் ஆபத்தும் குறையும், அது உண்மை. அப்படிப்பட்ட ஒற்றை டைவுக்கும் சேர்த்துத்தான் அந்த 12 மணி நேரம். டிக்கெட் விற்பவரை விட்டுவிட்டு, உங்களோடு தண்ணீரில் இறங்குகிற பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

மீனா, திருச்சி: ஸ்நார்க்ளிங்குக்கும் இந்தக் கணக்கு உண்டா?

இல்லை. மேலே மிதந்து சாதாரணக் காற்றைத்தானே சுவாசிக்கிறீர்கள். தலையில் ஹெல்மெட் மாட்டிக் கடலடியில் நடக்கும் சீ வாக் வேறு. அதில் குழாய்வழி வருவது அழுத்தப்பட்ட காற்று. அதையும் முதல் நாட்களிலேயே முடித்துவிடுங்கள்.

பெயர் வேண்டாம், ஈரோடு: எனக்கு நீச்சல் தெரியாது, டைவ் செய்யலாமா?

மதனுக்குச் சொன்ன பதில்தான்.

கார்த்திக், பெங்களூர்: மனைவிக்கு நீச்சல் தெரியாது...

மறுபடியும் மதனுக்குச் சொன்னதைப் படியுங்கள். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை, கர்ப்பம் எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள்.

ஜெனிஃபர், நாகர்கோவில்: படகில் குமட்டல் வரும். என்ன செய்ய?

வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். டுங்கியில் (இங்குள்ள சிறு மோட்டார் படகு) டீசல் புகை அடிக்காத பக்கம் உட்கார்ந்து, போனைப் பார்க்காமல் அடிவானத்தைப் பாருங்கள். குமட்டல் மாத்திரை தூக்கம் வரவைக்கும், டைவ் செய்கிற நாளில் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். முந்தின இரவு மது கூடாது, உடம்பில் நீர் வற்றிவிடும்.

சுரேஷ், வேலூர்: சுறா வருமா சார்?

சுறாவை நினைத்து நடுங்க வேண்டாம். முதலை எச்சரிக்கைப் பலகையைத்தான் மதிக்க வேண்டும். 2010-இல் ராதாநகர் கடற்கரையை ஒட்டிய நீல்ஸ் கோவ் என்ற சிறு வளைகுடாவில் ஸ்நார்க்ளிங் செய்த சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்தார்.

பிரியா, சென்னை: செத்த பவளத்துண்டு ஒன்று எடுத்து வரலாமா?

கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், செத்த பவளமானாலும்தான். மீனோடு படம் எடுக்க ரொட்டி போடுவதும் வேண்டாம். இங்குள்ள நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில் கோமாளி மீன், தான் குடியிருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரியை விட்டுத் தள்ளிப் போகாது. நீங்கள் அசையாமல் இருந்தாலே போதும், அது எட்டிப் பார்க்கும், நீங்கள் நெருங்கினால் சீறிக்கொண்டு வரும்.

விக்னேஷ், தஞ்சாவூர்: சனி மதியம் இரண்டு மணிக்கு இரண்டாவது டைவ் முடியும். ஞாயிறு காலை ஏழு மணிக்கு விமானம். சரிதானே?

17 மணி நேரம்தான் ஆகிறது, போதாது. டைவை வெள்ளிக்கு மாற்றுங்கள். சனி காலை ராதாநகரில் இருந்துவிட்டு மதியக் கப்பலில் போர்ட் பிளேர் திரும்புங்கள். மற்றவர்களும் விமான நேரத்தைச் சேர்த்து அனுப்புங்கள், கணக்குப் பார்த்துத் தருகிறேன்.